அக்காவுக்குத் தலை சுற்றாது

பிப்ரவரி 12

துரைக்கு,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அதைவிடக் கத்துவேன், அம்மா நடுவில் நின்றுகொண்டு அழுவாள். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

வந்து சேர்ந்துவிட்டோம். வீடு மூன்றாவது மாடியில். சமையலறையில் நான் நின்றால் உன் மச்சான் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய மாளிகை. பஸ்ஸில் ராத்திரி முழுக்க அவருக்கு வழக்கம்போல வாந்தி. வழக்கம்போல நான் சிரித்தேன். எப்போதும் கூடச் சேர்ந்து சிரிக்கிற மனிதர் இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

வேலை செய்கிறவர்கள் அத்தனை பேர் எதிரிலும், "என் மெஷினைக் கெடுக்கறதுக்குத்தான் உனக்குச் சம்பளமா?" என்று கேட்டாயே, அது யார் மெஷின்? மரச்சாமான் விற்றவன் கைவிட்டுப் போன கிடங்கைக் காட்டி, "இதுக்குள்ள ஒரு உலகமே கட்டலாம் மச்சான், மழை வெயில் எதுவும் தெரியாம ஜனங்க பறக்கலாம்" என்று நீ சொன்னபோது ஊரே சிரித்தது. சிரிக்காமல் அளவு நாடாவை எடுத்தவர் அவர் ஒருவர்தான். விண்கலத்தில், திரையில் ஓடும் படத்துக்கு ஏற்றபடி ஆடுகிற ஒவ்வொரு நாற்காலியும் அவர் கையால் பூட்டியது. மறந்துவிட்டதா?

கோபத்தில் உண்மையை மறைக்க மாட்டேன். "என்னடா, விண்கலம் இப்படிச் சப்புன்னு ஆயிருச்சு" என்று உன்னிடம் வந்து சொன்னது நான்தான். ஆட்டத்தைக் குறைத்து வைத்தது என் புருஷன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டில் வைத்துச் சண்டை போட்டு முடித்திருப்பேன். உன்னிடம் சொன்னேன், நீ அவரை நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டாய்.

கேட்டுக்கொள். அவர் முகத்தைப் பார்த்து நீ மன்னிப்புக் கேட்கும்வரை உன் வாசலில் கால் வைக்க மாட்டேன். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் பரண்மேல் இருக்கிறது.

அக்கா

*

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா நன்றாக இருக்கிறாள். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நானும் நன்றாக இருக்கிறேன்.

சனிக்கிழமை நீ பார்த்திருக்க வேண்டும். வரிசை வாசலைத் தாண்டி, பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்விட்டது. உள்ளே எள் போட்டால் எள் விழாது. குகை ரயிலில் ஒரு கல்யாணக் கோஷ்டியே ஏறியது, மாப்பிள்ளை மாலையோடு. விண்கலத்தைப் பழையபடி முழு ஆட்டத்துக்கு ஏற்றிவிட்டேன். உள்ளே இருந்து அலறல் சத்தம் வெளியே ரோடுவரை கேட்கிறது. அந்தச் சத்தம்தான் எனக்கு விளம்பரம்.

உன் புருஷன் செய்தது என்ன? என்னிடம் கேட்கவில்லை, உன்னிடம் சொல்லவில்லை. திருட்டுத்தனமாகக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஆட்டத்தைப் பாதியாகத் திருகி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிடித்துக் கேட்டால், "தலை சுத்துது" என்கிறார். பஸ் ஏறினாலே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்காரும் மனிதர் அவர். அவருக்குச் சுற்றுகிறது என்பதற்காக நான் விண்கலத்தைத் தொட்டில் ஆக்க முடியுமா?

நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சட்டம். புது ஆட்டம் எதுவானாலும் முதலில் நீ மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். இறங்கியவுடன் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். தண்ணீர் உள்ளேயே நின்றால் ஆட்டத்தைத் திறக்கலாம். அந்தச் சட்டத்தைப் போட்டதே அவர்தான். இப்போது அவரே அதை மீறினால் நான் சும்மா விடுவேனா? தலை சுற்றத்தானே ஜனங்கள் வருகிறார்கள்! அதற்குத்தான் வாசலில் வாளி வைத்திருக்கிறோம்.

மேல்தளத்தில் கடலடி என்று புது ஆட்டம் தயாராகிறது. கண்ணாடியைத் தலையில் மாட்டினால் திமிங்கிலம் முதுகுக்குப் பின்னால் வரும். யார் ஏறிப் பார்ப்பது? ஒரே ஒரு நாள் வந்து ஏறிவிட்டுப் போயேன். வாசலில் கால் வைக்காதே, பின்வாசல் இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 5

துரைக்கு,

பின்வாசல் வழியாக வர நான் என்ன திருடியா? வர மாட்டேன். உன் திமிங்கிலத்தை நீயே கட்டிக்கொள்.

ஆனாலும் படித்துவிட்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்திலிருந்து இறங்கி அந்தச் சொம்பை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு நான் திரும்பும்போது எல்லோரும் கை தட்டுவீர்களே, அந்த மாதிரி என்னை வேறு எதற்கும் யாரும் மெச்சியதில்லை. படிப்பு வரவில்லை, பாட்டு வரவில்லை. தலை சுற்றாது, அது ஒன்றுதான் என் கைவசம்.

உன் மச்சானுக்கு லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் மேலும் கீழும் போய்வருகிறார். வீட்டுக்கு வரும்போது முகம் வெளிறியிருக்கும். அரை மணி நேரம் தரையில் படுத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு உட்காருவார். கேட்டால், "என் உடம்பு அப்படி, விடு" என்கிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. திட்டினாலாவது எனக்கு நிம்மதியாக இருக்கும்.

எங்கள் மாடிப்படியில் விளக்குக் கிடையாது. நேற்று சுவரைத் தடவித் தடவி ஏறும்போது உன் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் கரண்ட் போனால் நான் சுவரை விடவே மாட்டேன், நீ "பல்லி, பல்லி" என்று கத்திக்கொண்டு ஓடுவாய். இப்போதும் பல்லிதான். ராத்திரி பாத்ரூம் போக வேண்டும் என்றால் இவர் எழுந்து விளக்கைப் போட்டால்தான் உண்டு.

மன்னிப்புக் கேட்கிறாயா, இல்லையா? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அக்கா

*

மே 19

அக்காவுக்கு,

பதில் எழுத நேரமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நேரம் நிறைய இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

கடலடியைத் திறந்தோம். நீ வராததால் டிக்கெட் கிழிக்கும் பையனை ஏற்றிப் பார்த்தேன். இறங்கியவன் சொம்பைத் தொடக்கூட இல்லை. பயந்தாங்கொள்ளி என்று திட்டிவிட்டுத் திறந்துவிட்டேன். முதல் வாரம் நல்ல கூட்டம். அப்புறம் குறைந்தது. பள்ளிக்கூட விடுமுறையில் நிரம்பும் என்று பார்த்தேன், விடுமுறையில்தான் சுத்தமாகக் காற்று வாங்குகிறது. மாலையில் பையன்கள் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் புது முகம். ஒரு தடவை வந்தவர்கள் திரும்பி வருவதே இல்லை. வாசலில் நின்று இரண்டு பேரைப் பிடித்துக் கேட்டேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்றார்கள். நல்லா இருந்தால் ஏன் வரவில்லை? தெருவில் பிள்ளைகள் நம் இடத்துக்கு வைத்திருக்கும் பேர் என்ன தெரியுமா? வாந்திக் கொட்டகை. பால்காரர் அம்மாவிடமே அப்படிச் சொல்லியிருக்கிறார். "உங்க பையன் வாந்திக் கொட்டகையில இருக்காராம்மா?" என்று.

எனக்கு ஒரு சந்தேகம். போகிற போக்கில் உன் புருஷன் நாற்காலிகளில் ஏதாவது செய்துவிட்டுப் போயிருப்பாரோ? முன்பெல்லாம் இவ்வளவு மோசம் இல்லை. கேட்டுச் சொல்.

தம்பி

*

ஜூன் 2

துரைக்கு,

என்ன எழுதுகிறோம் என்று யோசித்துத்தான் எழுதினாயா? உன் கடிதத்தை அவரிடம் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, கோபப்படாமல், பேனாவை எடுத்து ஓரத்தில் ஒரு நாற்காலி வரைந்தார். "படம் திரும்பறதுக்கு முன்னாடியே நாற்காலி திரும்பிடுது. கண்ணு ஒண்ணு சொல்லுது, உடம்பு ஒண்ணு சொல்லுது. அதான் குமட்டுது. ஆட்டத்தைப் பாதியாக்கினா இது தெரியாம போயிரும். அவனை மறுபடி குறைக்கச் சொல்லு" என்றார்.

"அப்போ எனக்கு ஏன் குமட்டல?" என்று கேட்டேன். "அதான் எனக்கும் புரியல. உனக்கு ஒண்ணும் ஆகலையேன்னுதான் நானும் வாயைத் திறக்கல. என் உடம்புதான் சரியில்லைன்னு நினைச்சேன். ஆனா இறங்கறவங்க மூஞ்சியப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியல" என்றார். அதனால்தான் சொல்லாமல் குறைத்து வைத்தாராம். சொன்னால் நீயும் நானும் சேர்ந்து சிரிப்போம் என்று அவருக்குத் தெரியும். சிரித்துத்தான் இருப்போம்.

எனக்கே இதில் முழு நம்பிக்கை இல்லை. முழு ஆட்டத்தில் நான் எத்தனை தடவை ஏறியிருக்கிறேன்! ஆனாலும் குறைத்துப் பார். உனக்கு என்ன நஷ்டம்?

அக்கா

*

ஜூலை 10

அக்காவுக்கு,

குறைக்கவில்லை. இருக்கிற கொஞ்சநஞ்சக் கூட்டமும் சப்பென்று இருக்கிறது என்று போய்விட்டால் என்ன செய்வது? சப்பென்று இருக்கிறது என்று சொன்னவள் நீதான்.

போன வாரம் ஒரு விபத்து. விண்கலத்திலிருந்து இறங்கிய ஒருவர் கொஞ்ச நேரம்கூட உட்காராமல் நேரே போய் பைக்கை எடுத்திருக்கிறார். நம் வாசலைத் தாண்டியதும் எதிர்ச்சுவரில் மோதிவிட்டார். கை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாளே அதிகாரிகள் வந்து பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

நாற்காலிகளைப் பூட்டியது யார், கடைசியாகத் திறந்தது யார் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். பூட்டியது உன் புருஷன். எனக்குத் தெரியாமல் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தது உன் புருஷன். விலாசம் கேட்டார்கள், கொடுத்தேன். நான் பொய் சொல்லவில்லை அக்கா.

தம்பி

*

ஜூலை 16

பொய் சொல்லவில்லையாம். பெட்டியைத் திறந்தார் என்று சொன்னாயே, திறந்து குறைத்தார் என்று சொன்னாயா? அதை மறுபடி ஏற்றியது நீ என்று சொன்னாயா? பாதி உண்மையைச் சொல்லி ஒரு மனிதரைக் கவிழ்த்துவிட்டு யோக்கியன் மாதிரி எழுதுகிறாய்.

விளக்கம் கேட்டு அரசாங்கத்திலிருந்து இவருக்குக் கடிதம் வந்துவிட்டது. லிஃப்ட் கம்பெனிக்கும் செய்தி போயிருக்கிறது. "ஆளுங்க உயிர் விஷயம், இது முடியற வரைக்கும் வராதீங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒரு திருகைக்கூடத் துடைத்துப் பார்க்காமல் பூட்டாத கை அது. அந்தக் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

இனி எனக்குத் தம்பி இல்லை. அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

*

ஆகஸ்ட் 23

தம்பி,

உனக்கு இனி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதை உனக்குச் சொல்லாமல் இருந்தால் நானும் பாதி உண்மை பேசுகிறவள் ஆகிவிடுவேன்.

போன வாரம் குளித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. முகத்தில் சோப்பு, கையில் சுவர் அகப்படவில்லை. மரம் சாய்கிற மாதிரி விழுந்தேன். நெற்றியில் தையல். தையல் போட்ட டாக்டர், "இருட்டுல அடிக்கடி இப்படித் தடுமாறுவீங்களா?" என்று கேட்டு, காது டாக்டரம்மாவிடம் அனுப்பினார். விழுந்ததற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

அந்த அம்மா என்னைச் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் நமக்குப் பழக்கம்தானே என்று ஒரு மிதப்பு. அப்புறம் காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் விட்டார். மற்றவர்களுக்கு அறையே சுழலுமாம், கட்டிலைப் பிடித்துக்கொள்வார்களாம். எனக்குக் காது நனைந்தது, அவ்வளவுதான். கடைசியில், "கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க" என்றார். நின்றேன். உன் மச்சான் பிடிக்காவிட்டால் மறுபடி விழுந்திருப்பேன்.

காதுக்குள்ளே தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்கிற ஒரு பாகம் இருக்கிறதாம். எனக்கு அது இரண்டு பக்கமும் செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நாலு வயதில் எனக்கு ஒரு கடும் காய்ச்சல் வந்து ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள் என்று அம்மா சொல்வாளே, அந்த ஊசி மருந்தினால் இருக்கலாம் என்றார். கண்ணால் பார்த்துத்தான் இத்தனை நாளும் நிமிர்ந்து நிற்கிறேன். பல்லியாக இருந்தது பயத்தினால் இல்லை.

"ஆனா டாக்டர், எனக்குத் தலையே சுத்தாதே" என்று பெருமையாகச் சொன்னேன். "அதைத்தாம்மா சொல்றேன். உங்களுக்குச் சுத்தாது. சுத்தறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லை" என்றார்.

எனக்கு அங்கேயே உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. விண்கலத்துக்கு, குகை ரயிலுக்கு, எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் நான். நாற்காலி குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் மற்றவர்களுக்கு உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. மூக்கில்லாதவளைச் சமையல் மணம் பார்க்க வைத்த மாதிரி, என்னை உட்கார வைத்து நாம் அந்த இடம் முழுவதையும் கட்டியிருக்கிறோம். என் சொம்புத் தண்ணீரை நம்பி எல்லோரும் தங்கள் தங்கள் வயிற்றை நம்பாமல் விட்டார்கள்.

வெளியே வந்ததும் இவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "அப்போ எனக்குச் சுத்தினது நிஜம்தானா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். பஸ்ஸில் சிரித்திருக்கிறேன், விண்கலத்திலிருந்து அவர் தள்ளாடி இறங்கியபோது சிரித்திருக்கிறேன். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நீயும் அழ வேண்டும் என்று எழுதவில்லை. அவர் செய்தது சரி என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

ஊசி விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். தன்னால்தான் என்று உடைந்துபோவாள்.

அக்கா

*

செப்டம்பர் 24

பல்லிக்கு,

உன் கடிதம் வந்த அன்று அதைக் கசக்கி எறிந்தேன். எல்லாம் கையைவிட்டுப் போன பிறகு காது, கீது என்று கதை சொல்கிறாள் என்று கோபம். மறுநாள் எடுத்து நீவி வைத்தேன். அப்புறம் தினமும் படிக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். திறப்பதற்கு முந்தின வாரம் யாரும் இல்லாதபோது நானும் விண்கலத்தில் ஏறினேன். கிடங்குக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். முதலாளிக்கே தாங்கவில்லை என்று பேசுவார்களே என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். அதற்குள் நீ வந்து ஏறி இறங்கி, தண்ணீரைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தாய். குறை என்னிடம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மச்சானைக் கேலி செய்யும்போதெல்லாம் நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மச்சான் ஆட்டத்தைக் குறைத்து வைத்திருந்த அந்த மாதம், வாங்கின பினாயில் டப்பா திறக்காமல் அப்படியே கிடந்தது. யார் இதைத் தேவையில்லாமல் வாங்கியது என்று நான் கத்தினேன். வாளி கழுவ வேண்டிய தேவையே இருக்கவில்லை. பார்த்த முகங்கள் திரும்பத் திரும்ப வந்ததும் அந்த மாதத்தில்தான். நான் அதைப் புது போஸ்டரின் மகிமை என்று நினைத்தேன்.

அதிகாரிகளிடம் போனேன். குறைத்து வைத்தது அவர், ஏற்றியது நான், குறைக்கச் சொன்ன பிறகும் ஏற்றியே வைத்திருந்தவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். லிஃப்ட் கம்பெனிக்கும் அனுப்பச் சொல்லிவிட்டேன். வழக்கு இனி என் பேரில்தான். கை உடைந்தவரையும் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி கதவைத் திறக்கவில்லை. திறக்காதது நியாயம்தான்.

மெஷின்களை ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கழற்ற ஆள் வருகிறார்கள். கழற்றுவதற்கு முன்னால் சாமான் ஒழுங்குபடுத்த அதிகாரிகள் சாவியைக் கொடுத்திருந்தார்கள். அம்மாவும் கூட வந்தாள். இத்தனை நாளும் ஒரு தடவைகூட அவள் உள்ளே வந்ததில்லை, கவனித்தாயா? "முழங்கால் வலி, நான் எதுக்கு அங்க" என்பாள். நானும் கூப்பிட்டதில்லை.

கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். மச்சான் வைத்த அளவில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டுக்குத் திருகினேன். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். விண்கலம் கிளம்பியது. நிலாவைச் சுற்றியது, அந்தக் கல்மழைக்குள் நுழைந்தது, இறங்கியது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை அக்கா. முதல்முறையாக, என் சொந்த விண்கலத்தில், வெளியே என்ன தெரிகிறது என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

அம்மா என் கையை விடாமல், "முடிஞ்சிருச்சா? இன்னொரு வாட்டி போலாமாடா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை இத்தனை காலத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதற்காகத்தான் நான் அந்த இடத்தையே கட்டினேன். அம்மா எதிரில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவள் ஏதோ வியாபாரக் கவலை என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவினாள். ஊசி விஷயம் நான் சொல்லவில்லை.

மச்சான் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று சொன்னாய். வழக்கு முடியும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவரைப் பஸ்ஸில் இவ்வளவு தூரம் வரச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலிகளை வேறு யாரோ வந்து பிடுங்கப் போகிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

தம்பி

*

செப்டம்பர் 26

தம்பிக்கு,

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டு நான் சமையலறையில் நின்றேன். உனக்குத்தான் தெரியுமே, நான் நின்றால் அவர் உள்ளே வர முடியாது. வெளியே நின்றபடியே கேட்டார், "பென்சில் கோடு அழியாம இருந்துச்சாமா?"

"இருந்துச்சாம்" என்றேன்.

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இன்னொரு வாட்டி கேட்டாங்களாம்."

உன்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதை நானாக எழுதிக் கொடுக்க மாட்டேன். நீதான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பரணிலிருந்து தன் கருவிப் பையை இறக்கித் துடைத்தார். "என் நாற்காலியை என் கையாலதான் கழட்டணும். வேற எவனாவது கழட்டினா மரையை நாசம் பண்ணிருவான்" என்றார். பிறகு கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கிவந்தார்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே வந்து சேர்வோம். வாசல் விளக்கைப் போட்டு வை, எனக்காக. பஸ்ஸிலிருந்து அவர் எப்படி இறங்குவார் என்று உனக்குத் தெரியும். முகம் வெளிறி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் நிற்பார். நீ ஓடிவந்து காலில் கீலில் விழாதே. முதலில் அவரை உட்கார வை. ஒரு சொம்புத் தண்ணீர் கொடு. அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நில். யாரும் சிரிக்கக் கூடாது.

அக்கா